கடல்காற்று நாய்க்குப் போதாது, தம்பி

கேள்வி: அக்கா, எங்களுக்கு மண்டபம் பக்கத்தில் கடலோர ஊர். இரண்டு நாய் வளர்க்கிறேன். செவலை, நாட்டு நாய். இன்னொன்று கறுப்பு லேப்ரடார், மூன்று வயது, மதுரையிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. தடைக்காலம் என்பதால் விசைப்படகைக் கரையில் ஏற்றி மராமத்து பார்க்கிறோம், இரண்டும் கூடவே வரும். லேப்ரடார் கடலுக்குள் ஓடிவிடும் என்று படகு நிழலில் கட்டிப் போடுவேன். போன வாரம் மதியம் மூன்று மணிக்கு பயங்கரமாக இளைத்து, வாயில் நுரை தள்ளி, நிற்க முடியாமல் சரிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினோம், அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டது. செவலைக்கு ஒன்றுமே ஆகவில்லை. நல்ல கடல்காற்று அடிக்கிற இடத்தில் எப்படி அக்கா இப்படி ஆகும்? இனிமேல் வெளியே கூட்டிப் போகலாமா?

- வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். டாக்டரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுந்து நடந்துவிட்டதே என்று விட்டிருந்தால், இதைப் படித்த கையோடு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள். வெப்பத்தில் சரிந்து விழுந்த நாய்க்கு சிறுநீரகமும் கல்லீரலும் ரத்தம் உறைகிற தன்மையும் அடி வாங்கியிருக்கலாம், அது அன்றைக்கே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். சாப்பாடு குறைந்திருக்கிறதா, சிறுநீர் நிறம் மாறியிருக்கிறதா, மலத்தில் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் எழுந்தது உங்கள் நாயின் அதிர்ஷ்டம், ஆனால் அதை வைத்து உள்ளே எல்லாம் சரி என்று முடிவுகட்ட முடியாது.

சரி, காற்று விஷயம். கடற்கரையில் நிற்கிற நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கிறது, காற்று பட்டதும் அந்த வேர்வை காய்ந்து சில்லென்று இருக்கிறது. நாய்க்கு அப்படி வேர்க்காது. பாதத்தின் அடியில் இருக்கிற மெத்தையில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். அது தன் சூட்டை வெளியே தள்ளுவது பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதால்தான், அதாவது நாக்கிலும் தொண்டையிலும் இருக்கிற ஈரம் மூச்சோடு ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கூடவே கொண்டுபோகிறது. இப்போது உங்கள் ஊர்க் காற்றை நினைத்துப் பாருங்கள். வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம், நடுவில் நீங்கள். காற்றே ஈரமாக இருக்கும்போது நாக்கிலிருக்கும் ஈரம் எப்படிச் சீக்கிரம் ஆவியாகும்? நாய் இளைக்கும், இன்னும் வேகமாக இளைக்கும், அந்த உழைப்பிலேயே உடம்பு இன்னும் சூடாகும். மதுரையில் வெயில் கூடுதல்தான், ஆனால் காற்று வறண்டது. அதனால் "மதுரையிலேயே தாங்கின நாய், இங்கே காற்றாட இருக்கிறது, இதற்கென்ன" என்று கணக்குப் போடாதீர்கள். நமக்குச் சுகமாக இருக்கிறது என்பதை வைத்து நாயை அளக்கவே கூடாது.

அடுத்தது படகு நிழல். காலை பத்து மணிக்குக் கட்டியிருப்பீர்கள், அப்போது மேற்குப் பக்கம் நல்ல நிழல் இருந்திருக்கும். உச்சிப் பொழுதில் அது படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு மணிக்கு மேல் மறுபக்கம் போய்விடும். நிழல் நகர்ந்தது, சங்கிலி நகரவில்லை. செவலை தப்பித்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். நாட்டு நாய்க்கு முடி குட்டை, உடம்பு ஒல்லி, இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தது, அதெல்லாம் உண்டு. ஆனால் அதைவிட முக்கியம், அதைக் கட்டிப்போடவில்லை. ஒரு நாள் மதியம் அது எங்கே போகிறது என்று பாருங்கள். படகுக்கு அடியில் புகுந்து, முன்னங்காலால் மேல்மணலைச் சுரண்டித் தள்ளி, உள்ளே ஈர மணல் வந்ததும் வயிற்றை அதில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வயிற்றுப் பக்கம் முடி குறைவு, சூடு அங்கேயிருந்து மண்ணுக்கு இறங்கும். லேப்ரடாருக்கும் அந்தப் புத்தி உண்டு, நாம் கொடுத்த கயிறுதான் எட்டவில்லை. அதுவும் கறுப்பு நாய், இரண்டடுக்கு முடி.

எனக்கு இதில் இவ்வளவு வேகம் வர ஒரு காரணம் இருக்கிறது. பல வருஷம் முன்னால் எங்கள் வீட்டு மணியும் இப்படித்தான் ஒரு கத்திரி வெயிலில் சரிந்தது. பதறிப்போய் ஒரு சணல் சாக்கை நனைத்து அதன்மேல் போர்த்தி, காற்றே இல்லாத உள்ரூமில் படுக்க வைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து சாக்குக்கு அடியில் கையை விட்டால் இட்லிச் சட்டி மாதிரி ஆவி அடிக்கிறது. மேலே போர்த்தின ஈரத்துணி சீக்கிரம் சூடேறி, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மணி அன்றைக்கு ராத்திரியைத் தாண்டவில்லை.

அதனால் கவனமாகக் கேளுங்கள். மறுபடி இப்படி ஆனால் வண்டி தேடி ஓடாதீர்கள், முதலில் குளிரவைக்க வேண்டும், அப்புறம்தான் வண்டி. நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், முக்கியமாக வயிறு, தொடை இடுக்கு, அக்குள். ஒரு ஆள் ஊற்ற ஒரு ஆள் விசிற வேண்டும், அட்டையோ பனையோலை விசிறியோ எதுவானாலும். ஊற்றின தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் சூடு இறங்கும். நல்ல தண்ணீர் பக்கத்தில் இல்லையென்றால் கடல் தண்ணீரையே மொண்டு ஊற்றுங்கள், உப்பைப் பிறகு கழுவிக்கொள்ளலாம், குடிக்க மட்டும் விடாதீர்கள். நினைவில்லாத நாய் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். இது காய்ச்சல் இல்லை, அதனால் நாம் போடுகிற காய்ச்சல் மாத்திரையைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள், அதுவே நாயைக் கொன்றுவிடும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி நாய்க்கென்று வைத்துக்கொள்ளுங்கள், ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம், 106-ஐத் தொட்டால் உயிர் ஆபத்து. 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள்.

விழுகிற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், அதற்கு முன்னாலேயே நாய் சொல்லிவிடும். இளைப்பு நிழலுக்கு வந்தும் அடங்காது. எச்சில் கோழை மாதிரிக் கெட்டியாகத் தொங்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு செங்கல் நிறத்தில் இருக்கும். கூப்பிட்டால் திரும்பாது, நடை தள்ளாடும், வாந்தி எடுக்கும். இதில் ஒன்று தெரிந்தாலே வேலையைப் போட்டுவிட்டு ஓடுங்கள்.

வெளியே கூட்டிப் போகலாமா என்று கேட்டீர்கள். செவலை வரட்டும், அதைக் கட்டாதீர்கள், தண்ணீர் மட்டும் கொண்டுபோங்கள். லேப்ரடார் இந்தக் கோடை முழுக்கக் கரைக்கு வர வேண்டாம். ஒரு முறை வெப்பத்தில் விழுந்த நாய் அடுத்த முறை இன்னும் சுலபமாக விழும். நடக்க விடுவதாக இருந்தால் விடிகாலையில், வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணி என்பது ஏமாற்று, வெயில் சாய்ந்திருக்கும், தார்ரோடும் காய்ந்த மணலும் சாய்ந்திருக்காது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள், வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் வெந்துபோகும்.

பகலில் வீட்டில் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தகரம், ஆஸ்பெஸ்டாஸ், தார்ப்பாய், இதற்கெல்லாம் அடியில் இருப்பது நிழல் இல்லை, அடுப்பு. பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்து, நாலு பக்கமும் திறந்த கொட்டகை போடுங்கள், இல்லையென்றால் மரத்தடி. தரையில் ஒரு சாக்கை நனைத்து விரித்தால் அதன்மேல் படுத்துக்கொள்ளும் (மேலே போர்த்தாமல் கீழே விரிப்பது நல்லது). கூரை காற்றாட இருக்கிற திண்ணை கிடைத்தால் அதுவே போதும்.

தண்ணீர் உங்கள் பக்கத்தில் காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் முப்பது கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒன்றரை, இரண்டு லிட்டர் வேண்டும், இந்த வெயிலில் அதற்கும் மேல். கரித்த கிணற்றுத் தண்ணீரைக் குளிப்பாட்ட வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம். மண்சட்டியில் ஊற்றி இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்றைக் கவிழ்த்தாலும் இன்னொன்று இருக்கும். சாப்பாடு காலை வெயிலுக்கு முன்னும் ராத்திரியிலும் போதும். நீராகாரம் உப்பில்லாமல் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் நீங்கள் கடித்துக்கொள்கிற சின்ன வெங்காயம் அதில் விழக்கூடாது, நாய்க்கு அது விஷம். கருவாட்டுத் தலையும் வேண்டாம், அவ்வளவு உப்பு. முடியை மழித்துவிட்டால் குளிர்ச்சி என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், வெயில் நேராகத் தோலில் இறங்கும். உதிர்கிற முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும்.

இன்னொன்று, தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து நீங்கள் கடலுக்குப் போய்விடுவீர்கள். கத்திரி மே 28-ஓடு போனாலும் நம் பக்கத்து வெக்கை போகாது, மழையென்று ஒன்று வர ஐப்பசி ஆகும். அந்த மூன்று நான்கு மாதம் நாயோடு இருக்கப்போவது வீட்டில் இருப்பவர்கள்தான். ஈறு பார்ப்பது, தெர்மாமீட்டர் வைப்பது, எப்படித் தண்ணீர் ஊற்றி விசிறுவது, இதையெல்லாம் கிளம்புவதற்கு முன் அம்மாவுக்கோ தங்கச்சிக்கோ ஒரு முறை செய்தே காட்டிவிடுங்கள். டாக்டர் நம்பரைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்தாலும் சரி. ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.