பழைய ரெமிங்டன் 700-ல் ஸ்கோப் ஆடாமல் நிற்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வியில் உள்ளது 1970-களின் ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கி, தோட்டா அளவு .30-06. மேலே ரெட்ஃபீல்ட் பாணி ஒற்றைத் துண்டு பேஸ், அதாவது ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகள் உட்காரும் அடித்தட்டு. சில குண்டுகள் சுட்டதும் குறி விலகுகிறது. ரிங்கை எவ்வளவு முறுக்கியும் பயனில்லை என்கிறீர்கள். ரிங்கை விடுங்கள். கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே, பேஸும் ரிசீவரும் (குழல் திருகப்பட்டிருக்கும் உலோக உடல்) சேரும் இடத்தில்தான். மேலே முறுக்க முறுக்க ஸ்கோப்பின் குழாய்தான் நசுங்கும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 1982-க்கு முந்தைய 700-களில் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டு) திறக்காது. சேஃப்டியை விடுவித்த பிறகுதான் தோட்டாவை வெளியேற்ற முடியும். அந்த நேரத்தில் குழல் வாய் எங்கே பார்க்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்பதில் கவனம் தேவை. அறை காலி என்று விரல் விட்டுப் பார்த்தபின் போல்ட்டைக் கழற்றி வையுங்கள்.

பழைய ஸ்க்ரூ துருவில் பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அப்போதும் அசையாவிட்டால், சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். பிளவை முழுவதும் நிரப்பும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். வீட்டு டிரைவர் பிளவைச் சிதைத்துவிடும்.

பேஸ் கழன்றதும் துளை, ஸ்க்ரூ, இரண்டு பரப்புகள் எல்லாவற்றையும் அசிட்டோனால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் நிற்காது. அடுத்து ஸ்க்ரூ நீளம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முன்துளைக்கான ஸ்க்ரூ கொஞ்சம் நீண்டாலும் குழலின் மரையில் போய் முட்டும். கைக்கு 'இறுகிவிட்டது' என்று தோன்றும், பேஸோ பிடிபட்டிருக்காது. அடுத்த துளையில் நீண்டால் போல்ட்டின் காதில் (முனையிலுள்ள பூட்டும் புடைப்பு) உரசும். ஆகவே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனித்தனியே இறுக்கி, பேஸ் அசைகிறதா, போல்ட் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். நீளமானதை அரத்தால் ராவிக் குறைக்கலாம்.

பிறகு முன் ஸ்க்ரூக்களை மட்டும் இறுக்கி, பின்பக்கம் இடைவெளி தெரிகிறதா என்று ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். இருந்தால், பின் ஸ்க்ரூவை இறுக்கும்போது பேஸ் வளையும். ஸ்கோப்பும் கூடவே வளையும். ரிசீவரில் மெழுகு தடவி, பேஸின் பின்னடியில் ஸ்டீல் எப்பாக்சி வைத்து, பின் ஸ்க்ரூவை இறுக்காமல் ஒரு நாள் காயவிட்டால் இடைவெளி அடைபடும்.

இறுதியாக பேஸ் ஸ்க்ரூக்களை ஒரு சொட்டு நீல லாக்டைட்டுடன் (மரை தளராமல் பிடிக்கும் பசை) 20 இஞ்ச்-பவுண்ட் முறுக்குவிசை வரை முறுக்குங்கள். பேஸோடு வந்த தாள் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பேஸ் ஸ்க்ரூக்களுக்கான 6-48 அளவு மரை தேய்ந்துபோயிருந்தால் பசையால் ஒப்பேற்றாதீர்கள். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து 8-40 ஆகப் பெரிதாக்குவதே சரி.

இந்தப் பேஸில் முன் ரிங்கைச் சுழற்றித்தான் பூட்ட வேண்டும். ஸ்கோப்பையே நெம்புகோலாக்கித் திருப்பாதீர்கள், குழாய் கோணிவிடும். 1 அங்குலத் தடி ஒன்றை ரிங்கில் வைத்துத் திருப்புங்கள். பின்பக்கம் எதிரெதிராக உள்ள இரண்டு ஸ்க்ரூக்களும் ரிங்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் குறி இடம் வலமாக அலையும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலம் விட்டு, தொலைவில் தொங்கும் தூக்குக்குண்டு நூலோடு குறிக்கோட்டை ஒப்பிட்டு நேராக்குங்கள். ரிங் மூடி ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி 15 முதல் 18 இஞ்ச்-பவுண்ட் வரை. இருபுற இடைவெளியும் சமமாக வரட்டும். இங்கே லாக்டைட் வேண்டாம். அது மரையை வழுக்கலாக்கி, அதே அளவிலேயே அதிகமாக இறுக வைத்துவிடும்.

குறியை 25 கஜத்தில் தொடங்குங்கள். கால் அங்குலக் கிளிக் என்பது 100 கஜக் கணக்கு. 25 கஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். நான்கு தட்டிவிட்டு 'ஸ்கோப் வேலை செய்யவில்லை' என்பவர்கள் நிறைய.

ஸ்க்ரூ தலையிலிருந்து பேஸ் வரை நகப்பூச்சால் ஒரு கோடு, ரிங் விளிம்பை ஒட்டி ஸ்கோப் குழாயில் இன்னொன்று. 20 குண்டுகளுக்குப் பிறகு எந்தக் கோடு பிசகியிருக்கிறதோ அங்கேதான் தளர்வு. இரண்டும் அப்படியே இருந்து குறி மட்டும் விலகினால், துப்பாக்கியின் கட்டையைப் பிடிக்கும் அடி ஸ்க்ரூக்களைப் பாருங்கள்.