துருவும் எவர்சில்வரும்: வாசகர் கேள்விகள்

வாசகி, பாலக்கோடு: குப்பையில் எறிந்த இரும்புத் துண்டு மின்னியதைப் பார்த்துத்தான் ஹாரி பிரியர்லி எவர்சில்வரைக் கண்டுபிடித்தார் என்று மகளின் பேச்சுப் போட்டிக் குறிப்பில் இருக்கிறது. சரிதானா?

குப்பைக் கதையை எடுத்துவிடச் சொல்லுங்கள். நடந்தது அதைவிடச் சுவையானது. 1871-இல் ஷெஃபீல்டில் உருக்குத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்த பிரியர்லி, 12 வயதில் படிப்பை நிறுத்தி ஆலை வேலைக்குப் போனார். தாமஸ் ஃபிர்த் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவியபடி உலோகப் பகுப்பாய்வைக் கற்றுக்கொண்டார். 1908-இல் ஃபிர்த்தும் ஜான் பிரவுன் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ஆய்வகத்துக்கு அவரே தலைவர்.

1912-இல் அவரிடம் வந்த வேலை, துப்பாக்கிக் குழலின் உட்புறம் சூட்டில் அரித்துப் போவதைத் தடுப்பது. துருவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குரோமியத்தைக் கூட்டிப் பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13-இல் வார்த்த உருக்கில் குரோமியம் 12.8%, கார்பன் 0.24%. உருக்கின் உள்ளமைப்பைப் பார்க்க, மெருகேற்றிய துண்டை ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தால் லேசாக அரித்து நுண்ணோக்கியில் வைப்பது வழக்கம். இந்த உருக்கை அது அரிக்கவில்லை. வினிகருக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும்கூட மசியவில்லை. ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர். கத்திக்கு ஆகும் என்று பிடித்துக்கொண்டார். நிர்வாகம் அக்கறை காட்டவில்லை. கத்தித் தயாரிப்பாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட்தான் வினிகரில் சோதித்து 'ஸ்டெயின்லெஸ்' என்று பெயர் வைத்தார். உரிமைத் தகராறில் 1915-இல் பிரியர்லி வெளியேறினார்.

நம் வீட்டுச் சொம்பு அவருடைய உருக்கு இல்லை என்பதையும் மகள் சொல்லட்டும். 18% குரோமியம், 8% நிக்கல் கொண்ட பாத்திர உருக்கு, அவருக்குப் பின் அந்த ஆய்வகத்தை நடத்திய ஹாட்ஃபீல்டு 1924-இல் கொண்டுவந்தது. நிக்கல் சேர்க்கும் வழியை ஜெர்மனியின் குருப் ஆலையில் ஸ்ட்ராவுஸும் மவுரரும் 1912-லேயே காட்டிவிட்டார்கள்.

வாசகர், காவேரிப்பட்டணம்: மாங்கூழ் ஆலைக்கு 304 தகட்டில் தொட்டி செய்தோம். பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் மட்டும் துரு வருகிறது. தகடு போலியா?

304 என்பது மேலே சொன்ன 18-8 உருக்கு வகையின் கிரேடு எண். தகட்டைப் பழிப்பதற்கு முன் வேலையைப் பாருங்கள். துருவைத் தடுப்பது குரோமியமும் காற்றும் சேர்ந்து மேலே உருவாக்கும் ஆக்சைடு படலம்; அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். பற்றவைத்த ஓரத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறைக்குக் கீழே குரோமியம் குறைந்திருக்கும். மாங்கூழின் புளிப்பும், கழுவும் ப்ளீச்சிங் கரைசலில் உள்ள குளோரைடும் அங்கேதான் முதலில் கடிக்கும். சாதா இரும்புக்கு ஓட்டிய கிரைண்டிங் சக்கரத்தையோ இரும்புக் கம்பி பிரஷ்ஷையோ இதில் ஓட்டினால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். மெல்லிய தகட்டில் பெரும்பாலும் காரணம் இவைதான்.

கனமான தகட்டில் இன்னொன்றும் உண்டு. 425 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் அதிக நேரம் இருந்தால் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். உருக்கின் நுண்ணிய படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் பாதுகாப்புப் போய்விடும். அதற்குத்தான் கார்பன் 0.03%-க்கு மேல் போகாத 304எல். பற்றவைக்க 308எல் கம்பி.

இப்போதைக்கு: கறையை பிக்ளிங் பேஸ்ட்டால் (கறையை அரித்து எடுக்கும் அமிலப் பசை) எடுங்கள். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். ரப்பர் கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். டப்பாவில் குறித்திருக்கும் நேரத்துக்கு மேல் விடாமல் நிறைய நீர் விட்டு அலசுங்கள். ப்ளீச்சிங் கரைசலை ராத்திரி முழுக்கத் தொட்டியில் நிறுத்தும் பழக்கம் இருந்தால், அதையும் விடுங்கள்.

வாசகர், அரூர்: காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வர் என்கிறார்களே?

அப்படியானால் பிரியர்லியின் உருக்கும் போலிதான்; அதில் காந்தம் நன்றாக ஒட்டும். நிக்கல் சேர்க்காத 430 கிரேடிலும் ஒட்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய 202-இல் ஒட்டாது, ஆனால் அது 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. நல்ல 304 பாத்திரத்தில்கூட அழுத்தி வளைத்த விளிம்பில் லேசாக ஒட்டும். பில்லில் கிரேடு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். உப்பு ஊறும் ஊறுகாய்க்கு மட்டும் எந்த கிரேடும் வேண்டாம், பீங்கான் ஜாடியே போதும்.