ரெய்ஸ் எவ்வளவு, எப்போது? போக்கர் பந்தய விதிகள்: கேள்வி பதில்

கொங்குப் பக்கத்தில் ரம்மி தெரியாத வீடு குறைவு. போக்கர் பழகுபவர்கள் தடுமாறுவது சீட்டில் அல்ல, பந்தயத்தில். டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகை குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பந்தயத்தைக் கூட்டுவது ரெய்ஸ், ஈடுகட்டுவது கால், விலகுவது ஃபோல்டு, எதுவும் வைக்காமல் தொடர்வது செக்.

கோபி: பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 5, 10. முன்னால் இருந்தவர் 30 ஆக்கினார். நான் 40 ஆக்கப் பார்த்தேன், செயலி விடவில்லை. கவுந்தப்பாடி சர்க்கரை ஏலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கேட்கிறோமே, இங்கே ஏன் கூடாது?

ஏலத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான், ஐயா. முந்தையவர் எவ்வளவு கூட்டினாரோ, குறைந்தது அவ்வளவாவது நீங்களும் கூட்ட வேண்டும். அவர் 10-ஐ 30 ஆக்கினார், அதாவது 20 கூட்டினார். ஆகவே நீங்கள் குறைந்தது 50 ஆக்க வேண்டும். ஒரேயடியாக 90 ஆக்கினால் நீங்கள் கூட்டியது 60. அடுத்தவர் ரெய்ஸ் செய்ய விரும்பினால் 150-க்குக் கீழே போக முடியாது. மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள்; கடைசியாகக் கூடிய தொகையைப் பாருங்கள். பொதுச்சீட்டு (நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் சீட்டு) விழுந்து அடுத்த சுற்று தொடங்கியதும் இந்தக் கணக்கு அழிந்துவிடும். அங்கே முதல் பந்தயம் பெரிய பிளைண்ட் அளவு, அதாவது 10 இருந்தால் போதும்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி: அண்ணா, ரெய்ஸ் பெட்டியில் 300 என்று போட்டால் 300 கூடுமா, மொத்தமே 300 ஆகுமா?

மொத்தம், அம்மணி. இதை நான் பட்டுத்தான் கற்றேன். நான்காவது பொதுச்சீட்டு விழுந்திருந்தது. எதிராளி 100 வைத்தார். மேலே 300 கூட்டி 400 ஆக்க நினைத்து, அவசரத்தில் 300 என்று தட்டிவிட்டேன். 300 தர வேண்டிய இடத்தில் அவர் 200 மட்டும் தந்து உள்ளே வந்தார். கடைசிச் சீட்டு ஹார்ட்டின். அவருக்கு ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைந்தது. வெறும் விளையாட்டுச் சில்லுதான் (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) என்றாலும் அன்று தூக்கம் வரவில்லை. பட்டனில் தெரியும் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

வீட்டு மேசையில் ஆடும்போது இதையொத்த இன்னொரு விதி உண்டு. எதிரே 20 இருக்கையில், வாய் திறக்காமல் ஒரே ஒரு 100 சில்லை வைத்தால் அது ரெய்ஸ் ஆகாது, வெறும் கால் என்றே கொள்வார்கள். முதலில் 'ரெய்ஸ்' என்று சொல்லிவிட வேண்டும்.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: நான் 100 வைத்தேன். இரண்டாமவர் கால். மூன்றாமவரிடம் மீதி இருந்த 150-ஐயும் ஆல்-இன் வைத்தார். என் முறை வந்தபோது கால், ஃபோல்டு இரண்டுதான் இருந்தன. ரெய்ஸ் பட்டன் எங்கே போனது?

அனுபவசாலிகளையும் குழப்பும் இடம் இது. முழு ரெய்ஸ் என்றால் அவர் 200 ஆக்கியிருக்க வேண்டும். கையில் இல்லாததால் 50 மட்டும் கூடியது. கையிருப்பு முழுவதையும் வைப்பவருக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் அந்தக் குறை ரெய்ஸ், ஏற்கெனவே தன் முறையை முடித்துவிட்டவருக்கு மறுபடி ரெய்ஸ் செய்யும் உரிமையைத் திறந்துவிடாது. 50 தந்து தொடரலாம், அல்லது விலகலாம். இன்னும் முறை வராத நான்காமவர் ஒருவர் இருந்து, அவர் முழு ரெய்ஸ் செய்தால் உங்கள் உரிமையும் திரும்பி வரும்.

அந்த மூன்றாமவர் ஜெயித்தாலும் ஒவ்வொருவரிடமிருந்தும் இந்தச் சுற்றில் 150-க்கு மேல் எடுக்க முடியாது. அதற்கு மேல் மற்றவர்கள் வைப்பது தனி 'பாட்' (நடுவில் சேரும் பந்தயத் தொகை) ஆகப் பிரியும். அதில் அவருக்குப் பங்கில்லை.

கரூர்: நோ லிமிட், பாட் லிமிட், லிமிட், மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

நோ லிமிட்டில் உச்சம் உங்கள் கையிருப்பு. லிமிட்டில் தொகை முன்பே நிச்சயிக்கப்பட்டது, கடைசி இரு சுற்றுகளில் இரட்டிப்பாகும். பாட் லிமிட்டில் கணக்கு வேண்டும்: பாட் தொகை 100, எதிராளி 50 வைத்தார். நீங்கள் 50 ஈடுகட்டியதாக எண்ணினால் பாட் 200. அந்த 200-ஐ மேலே கூட்டலாம். ஆக உங்கள் உச்சம் 250.

திருப்பூர், பின்னலாடைத் தொழிலாளி: அண்ணா, சனிக்கிழமை சம்பளம் வந்ததும் கொஞ்சம் பணம் போட்டு ஆடிப் பார்க்கலாமா?

வேண்டாம், தம்பி. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரைத் திறமை ஆட்டம் என்று சொன்னதை இன்னும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையே தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இன்றும் பணம் கேட்டு ஒரு செயலி வந்தால் அதை நம்பவே நம்பாதீர்கள். வாரம் முழுவதும் மெஷின் முன் நின்று வாங்கிய கூலி அது. நான் மேலே சொன்ன விதிகள் அனைத்தையும் இலவசச் சில்லிலேயே முழுதாகப் பழகலாம்.

தாராபுரம்: நான் பெரிய பிளைண்ட். யாரும் கூட்டவில்லை, எல்லோரும் கால். சீட்டு மோசம் என்று ஃபோல்டு செய்தேன். சரியா?

தவறு. உங்கள் பிளைண்ட் தொகை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. செக் சொன்னால் செலவில்லாமல் மூன்று பொதுச்சீட்டுகளைப் பார்க்கலாம். விரும்பினால் ரெய்ஸும் செய்யலாம், அது உங்கள் உரிமை. முறை வருமுன்பே 'செக் அல்லது ஃபோல்டு' என்ற கட்டத்தை டிக் செய்து வைத்தால், இலவசம் என்றால் செக் ஆகும், யாராவது கூட்டினால் மட்டும் விலகும். அதற்குப் பக்கத்திலேயே 'எவ்வளவானாலும் கால்' என்ற கட்டமும் சில செயலிகளில் இருக்கும். அதில் மட்டும் விரல் பட்டுவிடக் கூடாது.