கண் நல்லது என்கிறார்கள், அப்பாவுக்குப் படி தெரியவில்லையே?

உருத்திரபுரத்தில் இருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 72 வயது. பார்க்கின்சன் நோய்க்கு ஐந்து வருடமாக மருந்து எடுக்கிறார். கண்புரை சத்திரசிகிச்சையும் முடிந்தது. பார்வை நல்லது என்று கண் கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆனால் கிணற்றடிப் படியில் கால் தவறுகிறது. தேத்தண்ணியைக் கப்புக்கு வெளியே ஊற்றுகிறார். வாசலில் போட்ட சாக்கைப் பள்ளம் என்று நினைத்து எட்டித் தாண்டுகிறார். பிழை கண்ணிலா, மூளையிலா?"

பெரும்பாலும் மூளையில். கண் கிளினிக்கில் சொன்னதும் சரிதான். எழுத்து அட்டை, தூரத்து எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பதை மட்டுமே பார்க்கும். படி எவ்வளவு தாழ்வு, கப் கையில் இருந்து எவ்வளவு தூரம் என்பதை அது சொல்லாது. இரண்டு கண்களுக்கும் நடுவில் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் இடைவெளி இருப்பதால் ஒவ்வொன்றிலும் சற்று வேறான காட்சி விழுகிறது. அந்த வேறுபாட்டோடு நிழலையும் ஓரங்களையும் சேர்த்து, மூளையின் பின்பகுதியும் அதற்கு மேலுள்ள பகுதியும் ஆழத்தைக் கணக்கிடுகின்றன. பார்க்கின்சன், அல்சைமர் என்ற மறதிநோய், பார்க்கின்சனின் அறிகுறிகளும் சேர்ந்து வருகிற லூயி பொடி மறதிநோய் மூன்றிலும் இந்தக் கணக்குப் பிசகலாம்.

பார்க்கின்சனில் இன்னொன்றும் சேர்கிறது. இந்த நோயில் மூளையில் குறைகிற டோபமின் என்ற இரசாயனம் விழித்திரைக்கும் வேண்டும். அது குறைந்தால் மெல்லிய நிற வேறுபாடுகள் பிடிபடாது. சீமெந்துத் தரையில் சீமெந்துப் படி இருந்தால் அவருக்கு இரண்டும் ஒரே தளம். கறுத்த சாக்கு ஒரு குழி. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. "கண் தெரியேல்லையே?" என்று தயவுசெய்து அவரை ஏச வேண்டாம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் கிணறு. கட்டில்லாத கிணறும் முழங்கால் உயரக் கட்டுள்ள கிணறும் வன்னி வளவுகளில் இன்னும் இருக்கின்றன. உங்களுடையதும் அப்படி என்றால், மற்ற வேலைகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்தக் கிழமையே கம்பியோ தகரமோ வைத்து அடையுங்கள். அதுவரை குளிக்கிற தண்ணீரை வீட்டுப்பக்கம் வாளியில் கொண்டுவந்து வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு படியின் ஓரத்திலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயின்ற் அடியுங்கள். சாக்கை எடுத்துவிடுங்கள். மலசலகூடத்துக்குப் போகிற வழியில் இரவு முழுக்க ஒரு பல்ப் எரியட்டும். படிக்கவும் தூரம் பார்க்கவும் ஒரே கண்ணாடி போடுகிறார் என்றால், நடப்பதற்குத் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இரட்டைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் படி இன்னும் மங்கும்.

சாப்பாட்டிலும் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைப் புட்டு வைத்தால் பாதி அப்படியே கிடக்கலாம். அல்சைமர் முற்றியவர்களுக்குக் கடும் சிவப்புக் கோப்பையும் கப்பும் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு 2004 இல் வெளிவந்தது. அவர்கள் சாப்பிட்டது 25 சதவீதமும் குடித்தது 84 சதவீதமும் கூடின. உங்கள் அப்பாவின் நோய் வேறு. ஆனாலும் ஒரு சிவப்புக் கப் வாங்கிப் பார்ப்பதில் நட்டமில்லை.

கதவடியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவாரா? நடக்கும் வழிக்குக் குறுக்கே, ஓர் அடி எடுத்து வைக்கும் தூரத்துக்கு ஒன்றாகக் கோடு போட்டால், அதைத் தாண்டி வைக்கும்போது சிலருக்குக் கால் எழும்பும். உங்கள் அப்பா கறுப்பைக் குழி என்று எடுக்கிறவர் என்பதால் முதலில் வெள்ளைச் சோக்கால் கீறி, அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

லாண்ட்மாஸ்டரும் மோட்டார் சைக்கிளும் இனி வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வயலுக்குப் போவதை மட்டும் மறிக்காதீர்கள். வரம்பிலும் வாய்க்கால் கட்டிலும் யாராவது கூட நடக்கட்டும்.

அடுத்த கிளினிக்கில், எனக்கு எழுதியதையே டொக்டரிடமும் சொல்லுங்கள். இடத்தையும் ஆழத்தையும் மட்டுக்கட்டும் திறன் குறைவது சிந்தனைத் திறன் மாறுவதற்கும் அடையாளமாக இருக்கலாம். பார்க்கின்சன் நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த கேம்பிரிட்ஜ் ஆய்வில், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய முடியாதவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. வீட்டில் வரையச் சொல்லிப் பயப்படவேண்டாம், அதை டொக்டர் செய்து பார்க்கட்டும்.

பொருள் இரண்டாகத் தெரிகிறது என்றால் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லுங்கள். பொத்தியதும் ஒன்றாகிவிட்டால், இரண்டு கண்களும் சேர்ந்து திரும்பவில்லை என்று பொருள். அதற்குக் கண்ணாடியிலேயே வழி இருக்கலாம். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற பென்செக்சோல் என்ற குளிசையைக் குடிக்கிறாரா என்றும் மருந்துத் துண்டில் பாருங்கள். முதியவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டலாம். ஆனால் எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தக்கூடாது. இல்லாத ஆட்களையோ மிருகங்களையோ காண்கிறார் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அதை அடக்க ஹலோபெரிடோல் போன்ற மனநோய் மருந்து கொடுத்தால் பார்க்கின்சன்காரருக்கும் லூயி பொடி நோயாளிக்கும் நிலைமை மிக மோசமாகலாம்.

இன்னொன்றையும் எங்கள் பக்கத்தில் கேட்காமல் விடமுடியாது. யுத்தத்தில் தலையிலோ கண்ணிலோ காயம் பட்டவரா? எத்தனை வருடம் போனாலும் அதை டொக்டர் அறிய வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதினால், உடம்பில் ஷெல் துண்டு இருப்பதை அறைக்குள் போகமுன்பே சொல்லுங்கள். அந்த ஸ்கானில் உள்ள பலமான காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடலாம், கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் மிக ஆபத்து. சீ.ரீ. ஸ்கானில் காந்தம் இல்லை, துண்டு இருப்பவருக்கும் அதை எடுக்கலாம்.