பிளாக் பவுடர் (புகை கக்கும் பழைய கருமருந்து) தோட்டாவுக்கு எந்த புல்லட் லூப் (புல்லட்டில் பூசும் வழுக்குக் கலவை) நல்லது? விலங்குக் கொழுப்பு இல்லாமல் முடியாதா?

முடியும். தாராளமாக முடியும்.

நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், .45-70 தோட்டா போடும் பழைய பாணி ஷார்ப்ஸ் ரைஃபிள் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள், கிளப்பில் யாரோ ஒரு பெரியவர் "ஆட்டுக் கொழுப்பு சேராத லூப் உதவாது" என்று சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் அதையேதான் சொன்னார். என் வீடு சைவம். எங்கள் அடுப்பில் கொழுப்பு உருக்க முடியாது, உருக்க எனக்கு மனமும் இல்லை. இதைச் சொன்னால் உடனே "ஈயத்தைத் தொடுவாய், கொழுப்பைத் தொட மாட்டாயா?" என்று கேட்பார்கள். ஆம், தொட மாட்டேன். அதற்கு யாருக்கும் நான் விளக்கம் தர வேண்டியதில்லை. 1857-லேயே, என்ஃபீல்ட் துப்பாக்கித் தோட்டாவின் கிரீஸில் பசு, பன்றிக் கொழுப்பு இருப்பதாகப் பேச்சு கிளம்பியதும், சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் கலவையைத் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று கம்பெனி அரசு இறங்கி வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது, அது வேறு கதை.

லூப் எதற்கு என்பது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். புகையற்ற மருந்து (இக்காலத் தோட்டாக்களின் வெடிமருந்து) சுடுகிறவர்களுக்கு, குழலில் ஈயம் ஒட்டக்கூடாது என்பதுதான் முதல் கவலை. நமக்கு அது இரண்டாம் பட்சம். பிளாக் பவுடர் எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தக் கசடு காய்ந்து இறுகினால் அடுத்த புல்லட் அதில் உரசிக்கொண்டு போகும், குறி சிதறும். கசடை இளக்கமாக வைத்திருப்பதுதான் லூப்பின் வேலை. ஆட்டுக் கொழுப்பு அதை நன்றாகச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தாவர எண்ணெயும் செய்யும். புகையற்ற மருந்துக்கென்று விற்கும் அலாக்ஸ் (பெட்ரோலியத்திலிருந்து வரும் ஒரு பசை) கலந்த கடின லூப்பை மட்டும் இதில் போடாதீர்கள். கசடோடு சேர்ந்து பிசின் போல அப்பிக்கொள்ளும்.

நான் பயன்படுத்துவது எம்மர்ட் கலவை என்று பலரும் அறிந்த ஒன்று. எடைக்கணக்கில் தேன்மெழுகு 50 சதவீதம், கிரிஸ்கோ (நம் ஊர் வனஸ்பதிதான்) 40, கனோலா எண்ணெய் 10. எண்ணெயில் பாதியைக் குறைத்து லானோலின் சேர்ப்பவர்களும் உண்டு. அது ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது, ஆட்டைக் கொல்வதில்லை. உங்களுக்கு அது சம்மதமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் சுடுவது அரிசோனாவில். கோடையில் காற்றில் ஈரமே இருக்காது. கசடு இறுகுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. சிலூவெட் போட்டிக்குப் போனபோது இந்தக் கலவையோடுதான் போனேன். 200 மீட்டரில் கோழி, 300-ல் பன்றி, 385-ல் வான்கோழி, 500-ல் செம்மறிக் கடா என்று அந்தந்த வடிவில் வெட்டிய இரும்புத் தகடுகள் குறியாக நிற்கும். ஒவ்வொரு வேட்டுக்கும் பிறகு ப்ளோ டியூபை (குழலின் பின்பக்கம் பொருத்தி ஊதும் சிறு குழாய்) வைத்து நிதானமாக மூச்சை ஊதினேன். மூச்சின் ஈரம் கசடுக்குப் போகும். கடா வரிசை முடிந்ததும் அந்தப் பெரியவர் என் துப்பாக்கி முனையைப் பார்த்தார். குழல்வாயைச் சுற்றி லூப் ஸ்டார் (நட்சத்திர வடிவ லூப் கறை) ஈரமாக, கறுப்பாகப் படிந்திருந்தது. லூப் குழலின் கடைசிவரை வந்து சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம். அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்ன விகிதம் என்று கேட்டார். சொன்னேன்.

ஆனால் அன்றைய மதிப்பெண் பலகையில் என் பெயர் இல்லை! அப்பா பெயரை முன்னால் போட்டு, என் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதியிருந்தார்கள். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று எத்தனை இடத்தில்தான் சொல்வது? வங்கி, மருத்துவமனை, விமான நிலையம், கடைசியில் துப்பாக்கி கிளப்பிலுமா? திருத்தச் சொன்னால் "கம்ப்யூட்டர் ஏற்காது" என்கிறார்கள். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

"ஈரப்பதமான ஊரில் இதெல்லாம் தேவையில்லை" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். சரிதான், ஊரைப் பொறுத்தது. ஈரக்காற்று இருந்தால் ஊதுவதைக் குறைக்கலாம். குளிர்காலத்தில் மெழுகு இறுகினால் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டலாம். சிலர் ஊதவே மாட்டார்கள், ஒவ்வொரு வேட்டுக்கும் ஈரத்துணியால் குழலைத் துடைப்பார்கள். அதுவும் நல்ல முறைதான். வெயிலில் தோட்டாப் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள், லூப் இளகிவிடும். மருந்துக்கும் புல்லட்டுக்கும் நடுவே ஒரு வாட் (மெல்லிய வில்லை) இருந்தால் எண்ணெய் மருந்தில் இறங்காது.

தேன்மெழுகைத் தேனீ வளர்ப்பவரிடமே வாங்குங்கள். கைவினைக் கடையில் "சுத்தம்" என்று ஒட்டி விற்றதில் பாரஃபின் கலந்திருந்தது, புல்லட்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் லூப் நிற்காமல் உதிர்ந்தது. மெழுகை நேரடித் தீயில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், 65 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும்.