பதில்: இக்னோர் பகுதிக்குள் இருக்கும் அறிவிப்பு வெளியே கசிகிறது

வணக்கம். டிடிடியில் (எக்ஸ்எம்எல் ஆவணத்தின் அமைப்பை வரையறுக்கும் பகுதி) படிக்காமல் விட வேண்டிய இக்னோர் பகுதிக்குள், சேர்த்துப் படிக்க வேண்டிய இன்க்ளூட் பகுதி ஒன்றை வைத்தால், உள்பகுதிக்குப் பின்னால் வரும் எலிமெண்ட் அறிவிப்பு டிடிடிக்குள் நுழைந்துவிடுகிறது, அடுத்து வெளிப்பகுதியை முடிக்கும் `]]>` இடத்தில் பிழை என்கிறீர்கள். உங்கள் பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்) கண்ணில் படும் முதல் `]]>` உடனேயே இக்னோரை முடித்துவிடுகிறது, அதுதான் காரணம்.

எக்ஸ்எம்எல் 1.0 விதி தெளிவானது. இக்னோருக்குள் நுழைந்ததும், பகுதியைத் தொடங்கும் `<![` வந்தால் ஆழம் (பகுதிக்குள் பகுதியாக எத்தனை அடுக்கு என்ற எண்ணிக்கை) ஒன்று கூடும், `]]>` வந்தால் ஒன்று குறையும். வேறு எதையும் பார்க்கக் கூடாது. உள்ளே இருப்பது இன்க்ளூடா என்றுகூடக் கேட்க வேண்டாம்.

இதிலிருந்தே நல்ல சோதனைகள் கிடைக்கும். இக்னோருக்குள் `<!-- ]]> -->` என்று ஒரு கமெண்ட் போடுங்கள். அங்கே கமெண்டுக்கு மதிப்பில்லை, பகுதி அந்த இடத்திலேயே முடிய வேண்டும். நானும் முதலில் இதை நம்பவில்லை, விதியைத் திரும்பத் திரும்பப் படித்துதான் ஒப்புக்கொண்டேன். அதேபோல் அறிவிக்கப்படாத `%அ;` (டிடிடிக்குள் வேறு உரையை இழுத்துவரும் பாராமீட்டர் என்டிட்டி குறிப்பு) ஒன்றை உள்ளே வையுங்கள், பிழை வரக் கூடாது.

உங்கள் சோதனை “அறிவிப்பு வரவில்லை” என்று மட்டும் பார்க்கிறது. பார்சர் மீதிக் கோப்பையே விழுங்கினாலும் அது பாஸ் ஆகும். பகுதிக்குப் பின்னால் ஒரு எலிமெண்டை அறிவித்து, அது வந்து சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

சோதனை டிடிடியைத் தனிக் கோப்பில் வையுங்கள். ஆவணத்தின் உள் டிடிடியில் இந்தப் பகுதிகளுக்கு அனுமதியே இல்லை.