ஸ்துதியர் எட்வர்ட் மன்னர்: கேள்வி பதில்

கேள்வி: 11-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட எட்வர்ட் மன்னரை ‘கன்ஃபெசர்’ என்று அழைப்பது ஏன்?

பதில்: பழைய தேவமாதா பிரார்த்தனையில் ‘ஸ்துதியர்களுடைய இராக்கினியே’ என்று வருகிறதல்லவா, அந்த ஸ்துதியரே கன்ஃபெசர், இரத்தம் சிந்தாமல், வாழ்ந்த முறையாலேயே விசுவாசத்தை அறிக்கையிட்டவர். 978-இல் கொலையுண்டு வேதசாட்சி (விசுவாசத்துக்காக உயிர்நீத்தவர்) எனப்பட்ட இவருடைய பெரியப்பாவும் எட்வர்ட் மன்னரே என்பதால், இருவரையும் பிரித்தறிய இந்த அடைமொழி தேவைப்பட்டது.

கேள்வி: உலகப்பற்றே இல்லாத சாது என்கிறார்களே?

பதில்: அப்படி எழுதியவர்கள் 1043-ஐ மறந்துவிட்டார்கள். ஏப்ரலில் முடிசூடியவர், நவம்பரிலேயே மூன்று பெரும் பிரபுக்களுடன் குதிரையேறி வின்செஸ்டருக்குச் சென்று, பெற்ற தாய் எம்மாவின் செல்வத்தைப் பறிமுதல் செய்தார். டென்மார்க்கின் கனூட் நாட்டைப் பிடித்ததால் ஏறத்தாழ 25 ஆண்டுகள் வடபிரான்சின் நார்மண்டியில் அகதியாகக் கிடந்தவர் மகன். அதே கனூட்டை மறுமணம் செய்து அரசியாகவே நீடித்தவர் தாய். இதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கோபம் விளங்கும். 1051-இல் மாமனார் காட்வினை நாடுகடத்தி, மனைவி ஈடித்தைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பியதும், மறு ஆண்டே காட்வின் படையோடு திரும்பியபோது இருவரையும் ஏற்க நேர்ந்ததும் துறவியின் கதையாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: பிரம்மச்சாரியாக வாழ்ந்தாராமே?

பதில்: பிள்ளை இல்லை என்பது உண்மை. விரதமே காரணம் என்பதைப் பிற்காலச் சரிதங்கள்தாம் வலியுறுத்தின.

கேள்வி: பிறகு எப்படிப் புனிதரானார்?

பதில்: 1102-இல் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாதிருந்ததாகச் சொன்னார்கள். ஆயினும் அவர் அடக்கமான லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவியர் சார்பில் ஆஸ்பர்ட் என்பவர் ரோமில் வைத்த முதல் விண்ணப்பம் பலிக்கவில்லை. அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட 1161-இல் நிலைமை வேறு: போட்டிப் போப் ஒருவரோடு மல்லுக்கட்டிய போப் மூன்றாம் அலெக்சாண்டருக்கு இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் ஆதரவு தேவைப்பட்டது, தாய்வழியில் நார்மானிய மன்னர்களின் வழிவந்த ஹென்றிக்கோ பழைய ஆங்கிலேய அரசகுலத்தோடு தமக்கிருந்த உறவைக் காட்டிக்கொள்ள ஒரு புனிதர் தேவைப்பட்டார். 13-ஆம் நூற்றாண்டு மன்னர் மூன்றாம் ஹென்றியின் பக்தி இதைவிட உள்ளார்ந்தது. தலைமகனுக்கு எட்வர்ட் என்று பெயரிட்டதோடு, 1245 முதல், எட்வர்ட் கட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தையே இடித்துக் கட்டினார்.

கேள்வி: எட்வர்ட் கட்டிய ஆலயத்தை இன்று காண முடியுமா?

பதில்: நார்மானியர் இங்கிலாந்தை வென்ற கதையைச் சொல்லும் பாயோ சித்திரத் துணியில் காணலாம். 1065 டிசம்பர் 28-இல் ஆலய அர்ச்சிப்பு (இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கும் சடங்கு) நடந்தபோது அவர் எழ முடியாத நோயில் இருந்தார்; ஜனவரி 5-இல் இறந்தார். துணியில் சவப்பெட்டி ஆலயத்தை நெருங்குகிறது. அங்கே ஓர் ஆள் அப்போதுதான் கூரையில் காற்றுதிசை காட்டும் சேவலைப் பொருத்திக்கொண்டிருக்கிறான்.